தண்ணீருக்குத்தான் என்று சொன்னேன்

இந்தச் சித்திரையில் எங்கள் தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்தது. பந்தலூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும். ஆடி மாதம் இங்கே வந்து பாருங்கள், சுவரே வியர்க்கும், துவைத்த துணி ஒரு வாரத்துக்குக் காயாது, செருப்பில் பூஞ்சை பூக்கும். தேவாலா மழையைப் பற்றிச் சொன்னால் கீழ்நாட்டுக்காரன் நம்பமாட்டான். அதே ஊரில் மாசி முடிந்தால் கிணற்றில் வாளி தரையைத் தட்டும். மழை பெய்கிற வேகத்தில் சரிவோடு ஓடிப் பள்ளத்துக்குப் போய்விடுகிறது, நாங்கள் குடத்தோடு நிற்கிறோம். நீலகிரியில் அனுமதி இல்லாமல் ஆழ்துளை போடக்கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் அனுமதி வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

வண்டி டிஎன் 34, திருச்செங்கோடு. ராத்திரி எட்டு மணிக்கு ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்து நின்றது. அக்கா தட்டில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, கற்பூரம், ஒரு தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீ ரிக்கில வேலை பார்த்தவன்தானே, உன் கையால உடை." நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவி, ஒரு தேங்காய் உடைக்கிறதுக்கு இத்தனை பிகுவா என்று கேட்டாள். விடியற்காலை மூன்று மணி வரைக்கும் கம்பிரசர் சத்தம். நான் தூங்கவில்லை. சத்தத்தால் தூங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான் வேலை பார்த்த ரிக் தண்ணீருக்கானது இல்லை. அதை எழுதிவிடலாம் என்று 16 வருடமாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறேன். ஏனென்றால் எழுத ஆரம்பித்தால் அது யுரேனியம் கட்டுரை ஆகிவிடுகிறது. அணுசக்தி வேண்டுமா வேண்டாமா, நீ எந்தக் கட்சி என்றெல்லாம் போய்விடுகிறது. எனக்கு உறுத்துவது அதைவிடச் சின்ன விஷயம்.

திருச்செங்கோட்டு வண்டி

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முதலில் போர் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவர். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையைப் பார்த்தாலே தலைவலி வருகிறது என்று பதினேழு வயதில் ஓடிப்போனவர். பிறகு கனிமம் தேடித் துளை போடும் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். 2010 பொங்கலுக்கு வந்தபோது நான் டிப்ளமோவில் இரண்டு அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "மாப்ள, தேயிலைச் செடியைப் பார்த்துக்கிட்டே வயசாயிடும், கிளம்பு" என்றார். ஒரு பையோடு கிளம்பினேன். சேலம் வரை பஸ், அங்கிருந்து ரயில், கடப்பா, பிறகு புலிவெந்துலா பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம்.

நான் அதுவரை வறண்ட நிலம் என்று ஒன்றைப் பார்த்ததே கிடையாது. மேட்டுப்பாளையம் தாண்டினாலே எங்களுக்கு வெயில். அங்கே போய் இறங்கியபோது கண்ணுக்கு எட்டியவரை கல். தட்டையாக, அடுக்கடுக்காக. நம் வீட்டு அடுப்பு மேடையில் கிடக்கிற கடப்பாக் கல் வருகிற சீமை அது, பூமியே அலமாரித் தட்டு மாதிரித்தான் இருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு மண், நிலக்கடலை, தண்ணீர் உள்ளவன் தோட்டத்தில் சாத்துக்குடியும் வாழையும். தண்ணீர் உள்ளவன், இல்லாதவன் என்று இரண்டே சாதிதான் முதலில் என் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் பிறகு தெரிந்தது.

இரண்டு ரிக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. போர் வண்டி காற்றை அடித்துச் சுத்தியலால் இடிக்கும், கல் பொடியாகி வெளியே பறக்கும், ஒரே ராத்திரியில் 300 அடி போய்விடலாம். எங்களுடையது டைமண்ட் டிரில். பிட்டின் வாயில் வைரத்துணுக்குப் பதித்திருக்கும், நடுவில் பொந்து. அது மெதுவாகச் சுற்றிச் சுற்றி வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். உள்ளே சிக்கிய கல்லை முழுசாக, உருளையாக மேலே எடுப்போம். கோர் என்போம். உலக்கையைவிட ஒல்லியான கல் கம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் இறக்கு, தூக்கு, கழுவு, பெட்டியில் வரிசையாக அடுக்கு, எத்தனை மீட்டர் என்று கட்டையில் எழுதி இடையில் சொருகு. அப்புறம் மறுபடி இறக்கு. பிட் சூடேறாமல் இருக்கவும் அறுத்த துகளை வெளியே தள்ளவும் ராடுக்குள்ளே ஓயாமல் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீர் அடிவரை போய் ராடுக்கு வெளிப்பக்கமாக மேலே ஏறி, சாம்பல் நிறத்தில் துளையின் வாயிலிருந்து கொப்புளித்துக்கொண்டு வரும். பக்கத்துக் குழியில் தெளியவைத்துத் திரும்ப விடுவோம். குறைகிற தண்ணீருக்கு டேங்கர். குடிக்கத் தண்ணீர் இல்லாத சீமையில் கல்லுக்குள் விடுவதற்கு நாங்கள் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்தோம்.

எதைத் தேடுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஜியாலஜிஸ்ட் ஐயா நல்ல மனிதர், குச்சியால் மண்ணில் வரைந்தே காட்டினார். சுமார் 200 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் படிந்த டோலமைட் கல், வேம்பள்ளி அடுக்கு என்று பெயர். அதற்குள் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒரு மெல்லிய பட்டை, அதில்தான் யுரேனியம். பட்டை லேசாகச் சாய்ந்து பூமிக்குள் போகிறது, நீளவாக்கில் 160 கிலோமீட்டர் ஓடுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எவ்வளவு கனம் என்று துளை போட்டுத் துளை போட்டுத் தைத்துக்கொண்டு போவதுதான் வேலை. பெட்டியில் அடுக்கிய கோரின் மேல் ஒரு கருவியை நகர்த்துவார், எண் ஏறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். துளை முடிந்ததும் கயிற்றில் ஒரு குழாயை இறக்கி காமாக் கதிரை அளப்பார்கள். அளந்தது என்ன என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கமாட்டோம். மாமா சொல்வார்: "ஓட்டை போடுறது நம்ம வேலை மாப்ள. ஓட்டைக்குள்ள எட்டிப் பாக்குறது ஐயாமார் வேலை."

அப்போது கொஞ்ச தூரத்தில் தும்மலப்பள்ளியில் சுரங்கமும் ஆலையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2007-ல் அடிக்கல் நாட்டியது. 2011 ஜூலையில் அணுசக்தித் துறையின் தலைவர், அங்கே 49,000 டன் உறுதியாகியிருக்கிறது, ஒன்றரை லட்சம் டன் வரை போகலாம், உலகத்தின் பெரிய இருப்புகளில் ஒன்றாகலாம் என்று சொன்னபோது மாமா பேப்பரை மடித்துப் பையிலேயே வைத்திருந்தார். நாம போட்ட ஓட்டைடா என்று ஊரெல்லாம் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அதற்கு மூன்று வருடம் முன்னால் எரிபொருள் இல்லாமல் நம் அணு உலைகள் பாதித் திறனில் ஓடின. கல்பாக்கம் உட்பட. தமிழ்நாடு இருட்டில் கிடந்த காலம், இன்வெர்ட்டர் விற்றவன் வீடு கட்டிய காலம்.

அவ்வா

மாசிக் கடைசியில் ஒரு கடலைக் காட்டில் ரிக்கை நிறுத்தினோம். அறுப்பு முடிந்து வெறும் நிலம். கையெழுத்து, பயிர் நஷ்டப் பணம் எல்லாம் நிலத்துக்காரரோடு முடிந்துவிட்டது என்றார்கள். நிலத்துக்காரர் வேறு ஊரில் இருந்தார். காட்டில் இருந்தது அவருடைய அண்ணி, அறுபத்தைந்து வயதிருக்கும், நான்கு ஆடு, ஒரு ஓலைக்கொட்டகை. மகன் சாத்துக்குடி லாரியோடு சென்னைக்குப் போய்வருகிறவன். நான் அவரை அவ்வா என்று கூப்பிட்டேன், அந்தப் பக்கம் பாட்டிக்கு அதுதான் சொல். அவர் என்னை "நாயனா" என்பார்.

முதல் நாள் எட்டவே நின்று பார்த்தார். இரண்டாம் நாள் நாங்கள் பேசுவது தமிழ் என்று கண்டுகொண்டார், முகம் மலர்ந்துவிட்டது. காரணம் எனக்கு உடனே புரியவில்லை, மாமாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். ராயலசீமை சம்சாரிக்கு தமிழ் பேசுகிறவன் ரிக்கோடு வந்தால் அது திருச்செங்கோட்டு வண்டி. திருச்செங்கோட்டு வண்டி வந்தால் தண்ணீர். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை அவர்கள் வண்டி போகாத ஊர் கிடையாது, அதனால் அவ்வா கணக்கு ஒன்றும் தப்பில்லை. அரசாங்கம் தன் கொழுந்தனின் காட்டில் இலவசமாக போர் போட வண்டி அனுப்பியிருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சள், குங்குமம், தேங்காயோடு வந்தார். மாமா டேங்கர்காரனோடு சண்டை போடப் போயிருந்தார். ஐயா ஜீப்பில் வேறு இடம் போயிருந்தார். ரிக்கில் நானும், ஒடிசாக்காரப் பையன்கள் இரண்டு பேரும். அவ்வா ராடுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் தடவினார். கும்பிட்டார். தேங்காயை என் கையில் கொடுத்து உடைக்கச் சொன்னார். அப்போதுதான் கேட்டார்.

"நீள்ளேனா, நாயனா?"

தண்ணீர்தானே என்று கேட்கிறார். யாராவது கேட்டால் சர்வே என்று சொல் என்பது மாமாவின் உத்தரவு. எனக்கு அந்த நேரத்தில் சர்வே என்ற வார்த்தை நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், எதுக்கு சர்வே, அதற்குப் பதில் சொல்ல என்னிடம் தெலுங்கு கிடையாது, கையில் தேங்காய் இருக்கிறது, கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, அந்த முகத்தில் இருந்த மலர்ச்சியை என் வாயால் அணைக்க எனக்கு மனது வரவில்லை, இதெல்லாம் இன்று நான் அடுக்குகிற சமாதானம், அன்று அப்படியெல்லாம் யோசித்தேனா தெரியவில்லை, சட்டென்று வாயில் வந்தது இதுதான்:

"ஆமா அவ்வா. நீள்ளே."

உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று அவருக்குச் சந்தோஷம்.

பம்பைப் போட்டோம். பத்து நிமிஷத்தில் துளையின் வாயிலிருந்து தண்ணீர் கொப்புளித்து வந்தது. எப்போதும் வருவதுதான், டேங்கரில் நாங்கள் கொண்டுவந்து உள்ளே விட்ட தண்ணீர், திரும்பி வருகிறது. அவ்வா ஓடிவந்து இரண்டு கையாலும் அள்ளினார். சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர். தலையில் தெளித்துக்கொண்டார். ஆடுகளின் மேல் தெளித்தார். என் மேல் தெளித்தார். ஒடிசாப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எட்டு நாளில் துளை முடிந்தது. ராடைப் பிடுங்கி, வாயை சிமெண்டால் மூடி, மேலே ஒரு சிமெண்ட் கட்டை நட்டு, அதில் துளையின் எண்ணையும் தேதியையும் கீறினோம். அது விதி, எல்லா இடத்திலும் அப்படித்தான். மோட்டார் எப்போ வரும் என்று அவ்வா கேட்டார். நான் கையை மேலே காட்டினேன். சாமியைக் காட்டினேனா, அரசாங்கத்தைக் காட்டினேனா, எனக்கே தெளிவில்லை. அடுத்த இடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. போய்விட்டோம். அந்த வருஷம் ஆனியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பினேன், பிறகு போகவில்லை.

பவுன் கணக்கு

எங்கள் ஊரில் துளை என்றால் தங்கம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாக. குறும்பரும் பணியரும் ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொட்டுப்பொட்டாக எடுத்த தங்கத்தை வெள்ளைக்காரன் பார்த்தான். 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தார்கள். அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் தேவாலா, பந்தலூர் பெயரைச் சொல்லிக் கம்பெனி மேல் கம்பெனியாகத் திறந்து பங்கு விற்றார்கள். இயந்திரங்கள் மாட்டுவண்டியில் மலையேறின. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. கல்லில் தங்கம் இருந்தது, அறிக்கையில் இருந்த அளவுக்கு இல்லை. அவர்கள் தோண்டிய குகைகள் இன்னும் தேயிலைக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. இன்றைக்கும் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மண் சரிந்து செத்தவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதில் எங்களுக்குப் பூச்சாண்டியே அந்தக் குகைதான்.

ஆகவே டன்னுக்கு எத்தனை கிராம் என்கிற பேச்சு எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தும்மலப்பள்ளிக் கல்லில் யுரேனியம் சுமார் 0.04 சதவீதம். ஒரு டன் கல்லில் 400 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் உலையில் நேரடியாகப் பிளந்து எரிகிற வகை 0.7 சதவீதம்தான், அதாவது 2.8 கிராம். மூன்றில் ஒரு பவுன். ஒரு மூக்குத்திக்கும் ஒரு சின்ன மோதிரத்துக்கும் ஆகிற எடைக்கு ஒரு டன் கல்லைத் தூக்கி, அரைத்து, கரைத்து, வடிக்க வேண்டும். மீதி 999 கிலோவும் சொச்சமும் சேறாகக் குட்டைக்குப் போகிறது. யுரேனியத்தை எடுத்த பிறகும் கல்லில் இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும், ஏனென்றால் யுரேனியத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கின்றன: ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருடம், தோரியம்-230 பாதியாக 75,000 வருடம். எங்கள் குகைக்கு வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை, அதற்கே யார் தோண்டியது என்று தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸாப்பில் வருகிற யுரேனியம் கதைகள் எனக்கு எரிச்சல் மூட்டுகின்றன. தொட்டால் சாவு, காற்றில் பரவும், பார்த்தால் கண் போகும். நான் கோர் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து நான்கு மாதம் படுத்திருக்கிறேன். யுரேனியத்தின் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். பயப்பட வேண்டியது தூசிக்கும், சுரங்கத்தில் தேங்கும் ரேடான் வாயுவுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டினால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம், அதுவும் கதிரால் இல்லை, வெறும் உலோக விஷத்தால். கடப்பாக் கல்லுக்கு இன்னொரு சங்கடம். அது சுண்ணாம்பு இனத்துக் கல், அமிலம் ஊற்றினால் அமிலத்தையெல்லாம் கல்லே குடித்துவிடும், அதனால் அங்கே சோடா உப்பு போட்டு அழுத்தத்தில் கரைக்கிறார்கள். காரமான, கார்பனேட் நிறைந்த தண்ணீரில் யுரேனியம் படியாமல் கரைந்தே நிற்கும். குட்டையின் அடி ஒழுகினால் என்ன ஆகும் என்பதற்கு டிப்ளமோ அரியர் வைத்தவனே பதில் சொல்லிவிடலாம்.

குட்டைக்குப் பக்கத்தில் கோட்டாலா என்ற ஊரில் வாழை கருகுகிறது, போர்த் தண்ணீர் கெட்டுவிட்டது, உடம்பில் அரிப்பு என்று சம்சாரிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். சுரங்கத்தை நடத்துகிற யுரேனியம் கார்ப்பரேஷன் மறுத்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் நோட்டீஸ் அனுப்பியது, குட்டைக்கு அடியில் சரியாக விரிப்பு போடவில்லை என்பதும் அதில் ஒன்று. அந்தச் சீமைப் பாறையிலேயே இயற்கையாக யுரேனியம் கரைவதுண்டு என்பதும் உண்மைதான், அதனால் சண்டை முடியாது. சுரங்கம் வரும் முன் உன் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று யார் கையிலாவது ஒரு சீட்டு இருந்தால் முடியும். அந்தச் சீட்டு எழுத வேண்டிய நாள் எது? துளை போட வண்டி வந்து நிற்கிறதே, அந்த நாள்தான். நான் இருந்த நான்கு மாதத்தில் நாங்கள் நின்ற காடுகளில் கிணற்றுக்காரன் கையில் அப்படி ஒரு சீட்டைக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் இனி மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. கன்னியாகுமரி கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க முடியாமல் எதிர்ப்பில் தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்தத் தலைவலியே இனி இல்லை. ஆய்வுத் துளைக்கு முன்பும் கருத்துக் கேட்பு கிடையாது, இப்போது சுரங்கத்துக்கும் கிடையாது. அப்படியென்றால் ஒரு கிழவி தன் காட்டில் நடப்பது என்ன என்று யாரிடம் கேட்பாள்? ரிக்கில் கிரீஸ் கையோடு நிற்கிற பையனிடம்தான். சட்டமே அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் என்ன சொல்வான் என்றும் தெரியும்.

மேகாலயாவில் தொமியாசியட் என்ற இடத்தில் ஸ்பிலிட்டி லிங்டோ லாங்ரின் என்று ஒரு அம்மா இருந்தார். அங்கே துளை போட்டு யுரேனியம் தேடினார்கள்; அது தெரிந்த பிறகு, 30 வருடக் குத்தகைக்குக் கோடிக்கணக்கில் பேசியும் அவர் நிலத்தைத் தரவில்லை. 2020-ல் 95 வயதில் இறந்தார். கர்னூலில் கப்பட்ராள்ளக் காட்டில் 68 துளை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 2024-ல் ஊர்கள் சாலையில் வந்து உட்கார்ந்தன, மாநில அரசு நிறுத்திவைத்தது. சரி தப்பு இருக்கட்டும். தும்மலப்பள்ளி இல்லாமல் கல்பாக்கம் எதை எரிக்கும் என்று என்னிடம் கேட்டால் எனக்கும் பதில் இல்லை. ராத்திரி ஹீட்டர் போடுகிறவன்தான் நானும். ஆனால் அவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்தது. விழுந்த பிறகு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னார்கள்.

கட்டை

2019 புரட்டாசியில் திருப்பதி போனோம். அந்தச் சமயம் நல்லமலைக் காட்டில் யுரேனியம் தேடக்கூடாது என்று தெலங்கானா சட்டமன்றமே தீர்மானம் போட்டிருந்தது, ஓட்டலில் டிவியில் அதே பேச்சு. நான் மனைவியிடம் ஒரு நண்பனைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, அவளைச் சத்திரத்தில் அவள் அக்காவோடு விட்டுவிட்டு விடிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். கடப்பா, புலிவெந்துலா, அப்புறம் ஷேர் ஆட்டோ. இடம் மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

கட்டை இருந்தது. எண் பாதி தேய்ந்திருந்தது. அதில் ஒரு ஆடு கட்டியிருந்தது. கட்டைக்கு மேற்கே பத்தடி தள்ளி ஒரு பிவிசி கேசிங் குழாய் தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது, வாயில் ஒரு கல்லை வைத்து மூடியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. ரிக்கில் வேலை பார்த்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் இல்லை, கம்பி இல்லை, கல் வைத்து மூடிய குழாய்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சின்ன ஓட்டு வீடு. மகன் இருந்தான், கிட்டத்தட்ட என் வயதுக்காரன். கோயம்பேட்டுக்கு லாரியில் போய்ப்போய்த் தமிழ் நன்றாகவே பேசினான். 2010-ல் இங்கே ரிக்கில் இருந்தேன் என்றதும் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கேன் தண்ணீர். அவ்வா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றான். அவனே சொன்னான், நான் கேட்கவில்லை: "அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு அண்ணே. சர்க்காரு போர் போட்டாங்க, தண்ணி பொங்கிச்சு, நான் கையால அள்ளினேன், அப்புறம் யாரோ பெரிய மனுஷன் சொல்லி சிமெண்ட் வெச்சு மூடிட்டுப் போயிட்டாங்கன்னு. நானும் சித்தப்பாவும் நம்பினோம். அம்மா பொய் சொல்லாது இல்ல." 2012-ல் வட்டிக்கு வாங்கி, கட்டைக்குப் பக்கத்திலேயே போர் போட்டார்கள். திருச்செங்கோட்டு வண்டிதான். 400 அடி வரை வெறும் புழுதி. இன்னும் 200 அடி போகலாம் என்று அவ்வா தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தாராம், தாத்தா எப்போதோ இறந்துவிட்டார், பெட்டிக்குள் வைத்திருந்த கொடி. 600 அடி. புழுதி.

நான் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன். நாங்கள் தண்ணீருக்குத் துளை போடவில்லை, யுரேனியத்துக்குப் போட்டோம் என்று ஒன்பது வருடம் தாமதமாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "அது தெரியும் அண்ணே. இப்போ இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது கிடக்கட்டும்" என்று கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். "அன்னிக்கு நீங்க இருந்தீங்க இல்ல. தண்ணி எத்தனையாவது அடியில வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."